பேட்டரிக்கு ஜாமீன் யார்?

"ஒரு வருசம் ஜாமீன் இருக்காம்" என்று சீனி சொன்னதும் வீரம்மா கையிலிருந்த சோற்றுக் கரண்டியை நழுவவிட்டாள். சோறும் கரண்டியும் சிமிண்டுத் தரையில் சிதறின. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் சொன்னது பேட்டரியைப் பற்றி. ஈப்போ டவுனில் அன்றைக்குத்தான் வாங்கி வந்த கார் பேட்டரி அடுப்படி வாசலில் கறுகறுவென்று மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கெட்டுப்போனால் காசைத் திருப்பித் தருகிறோம் என்று கடைக்காரர்கள் கொடுக்கும் வாக்குக்கு மலாயில் ஜாமினான் என்று பெயர். சீனி அதைத் தமிழில் சொல்வதாக நினைத்து வாலை மட்டும் நறுக்கிவிட்டான். வீரம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். அவளுக்குத் தெரிந்த ஜாமீன் ஒன்றுதான். அது கோர்ட்டில் போய் நிற்பது.

"நவமணி, உன் புருசன்கிட்ட கேளு. யாரு நின்னது ஜாமீன்? இவரு எங்கயாச்சும் கையெழுத்து கிறுக்கிட்டு வந்துட்டாரா?"

சீனி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். ஆனாலும் வீரம்மா மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மாமியாருக்கு மரியாதை அது என்று அவளை வளர்த்தவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் மகளிடம் சொல்லுவாள், மகள் இல்லாவிட்டால் கதவிடம் சொல்லுவாள், வேலியில் உட்கார்ந்த காக்காயிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். திட்டுவதாக இருந்தாலும் 'வாங்க போங்க' போட்டுத்தான் திட்டுவாள்.

"கடக்காரன்தான் அத்தே நிக்கிறான். நமக்கு ஒண்ணும் இல்ல லா" என்றான் சீனி.

"பேட்டரிக்கு எதுக்குடி ஜாமீன்? அது யார வெட்டிட்டு வந்துச்சு?"

நவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். வீரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தை அவள் வீட்டுக்குள் வந்து பல வருசம் ஆகியிருந்தது. அதைக் கடைசியாகச் சொன்னவன் அவள் புருசன் சன்னாசி.

செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். கித்தா மரத்தில் பால் வெட்டிய கை. சன்னாசி புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற வேலையில் இருந்தான். நல்ல மனுசன்தான், ஆனால் 'மாட்டேன்' என்கிற சொல் மட்டும் அவன் வாயில் முளைக்கவே இல்லை. அவன் கூட்டாளி சின்னையா கள்ளுக்கடையில் ஒருத்தன் தோளை வெட்டிவிட்டான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சன்னாசி ஈப்போ கோர்ட்டுக்குப் போய் ஜாமீன் நின்று சின்னையாவை வெளியே எடுத்தான். "கூடப்பொறந்தவன் மாதிரி வீரம்மா, ஓடவா போறான்?" என்றான்.

ஓடித்தான் போனான். பாகான் டத்தோவில் தேங்காய்த் தோட்டத்தில் இருக்கிறான் என்றார்கள் சிலர், கப்பலேறிவிட்டான் என்றார்கள் சிலர். வழக்கு நாளில் கோர்ட்டில் சின்னையா பேரைக் கூப்பிடக் கூப்பிட சன்னாசி வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பணத்தைக் கட்டு என்றார்கள். மாடு போயிற்று, வீரம்மாவின் காது கழுத்து எல்லாம் போயிற்று. அப்படியும் போதாமல் சன்னாசியைப் பத்து காஜா ஊர் ஜெயிலில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

திரும்பி வந்தவன் ஆளே வேறு. யாராவது வாசலில் கூப்பிட்டால் எழுந்து நின்றுவிடுவான். நவமணி நடை பழகிய வருசத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் போனதுகூட வீரம்மாவுக்கு ஒருவிதத்தில் புரிந்தது. வெட்டினவன் வெளியே காற்று வாங்குகிறான், வாயால் சொன்னவன் உள்ளே கிடக்கிறான் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. அன்றைக்குத் தீர்மானித்தாள்: இனி செத்தாலும் ஒருத்தருக்கும் ஜாமீன் கிடையாது. பெற்ற மகளுக்கும் கிடையாது.

பிறகு துரைமார் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பிழைப்புக்காக ஈப்போவை ஒட்டின புந்தோங்குக்கு வந்தாள். கச்சாங் பூத்தே என்னும் நொறுக்குத்தீனி போடும் வீட்டில் கடலையும் முறுக்கும் பொரிக்கிற வேலை. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றே நவமணியை வளர்த்தாள், கட்டிக் கொடுத்தாள். வந்த மருமகன் சீனி. அதிர்ந்து பேசமாட்டான். அதிர்ந்து பேசாதவன் எல்லாரும் அவளுக்குச் சன்னாசி மாதிரியோ சின்னையா மாதிரியோ தெரிந்தார்கள். இவன் எந்த மாதிரி என்று அவளால் முடிவுக்கு வர முடியவில்லை. அதனால் நம்பவும் இல்லை.

சீனியிடம் ஒரு பழைய ஆஸ்டின் கார் இருந்தது. கெரெத்தா சாப்பு ஓட்டினான். லைசென்ஸ் இல்லாத டாக்சி என்று பச்சையாகச் சொல்லலாம். தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றி இறக்குவான். அந்தக் காருக்குத்தான் பேட்டரி. தீபாவளிக்கு முன்னால் வாங்கியது, பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் வேலையைக் காட்டியது.

அதுவும் எந்த இடத்தில்? ரயில் தண்டவாளத்துக்கு நடுவில்.

சுங்கை சிப்புட்டு பக்கத்தில் ஒரு கல்யாணம். விடியாத இருட்டில் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான் சீனி. பின்சீட்டில் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாகப் பெண், இரண்டு பக்கமும் அத்தைமார். விளக்குப் போட்டு ஓட்டியதில் பேட்டரி சுத்தமாக வற்றிவிட்டது. கேட்டில்லாத கிராசிங்கில் ஏறியதும் விளக்கு மங்கியது, எஞ்சின் விக்கி நின்றது. சாவியைத் திருப்பினால் 'டக்'கென்ற சத்தம்கூட இல்லை. தூரத்தில் ரயில் ஊதியது.

"எறங்குங்க! எறங்குங்க!"

பெண்ணை இழுத்துப் போட்டார்கள். அத்தைமார் கூச்சல் போட்டுக்கொண்டே காரைத் தள்ளினார்கள். சீனி தள்ளிய தள்ளில் கார் பள்ளத்தில் போய் இறங்கியது. ரயில் எல்லார் சேலையையும் பறக்கவிட்டுப் போனது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கல்யாணப் பெண் முழங்கால் சேற்றோடு மணவறைக்குப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் பேராக் மாநிலத்தில் உள்ள பாதித் தோட்டங்களுக்குச் செய்தி போய்விட்டது. சீனி காரில் ஏறினால் தண்டவாளத்தில் விடுவான்.

அப்புறம் யார் ஏறுவார்கள்? வேறு பேட்டரி போட்டு, கார் ஓடுகிறது பார் என்று நாலு பேர் கண்ணில் படும்படி ஓட்டினால் ஒழிய அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வேறு பேட்டரி வாங்கக் கையில் காசில்லை. பழசுக்குக் கொடுத்த காசு திரும்பி வந்தால்தான் உண்டு.

சீனி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான், பேட்டரியோடு.

"நான் பச்சத்தண்ணி ஊத்திட்டேனாம். கடையில விக்கிற பேட்டரி தண்ணிதான் ஊத்தணுமாம். கொழாத் தண்ணி ஊத்துனா ஜாமீன் செல்லாதாம்."

வீரம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள். "செல்லாதா? ஜாமீன் நின்னவன் செல்லாதுன்னு சொல்லிட்டுப் போவ முடியுமா?"

"அப்படித்தான் சொல்றான் அத்தே."

அவளுக்குக் கோர்ட்டில் சன்னாசி கைகட்டி நின்றது கண்முன் வந்தது. செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாமோ? அப்படி ஒரு வழி இருந்ததா? இருந்தும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்றா? அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காலையில் எண்ணெய்ச் சட்டிக்கு லீவு சொல்லிவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நவமணி, உன் புருசன பேட்டரிய தூக்கச் சொல்லு. நானும் வாரேன்."

பஸ்ஸில் சாக்குப்பை சுற்றிய பேட்டரி சீனியின் மடியில் இருந்தது. பக்கத்தில் வீரம்மா. நவமணி வரவில்லை, கதவும் இல்லை, காக்காயும் இல்லை. வேறு வழியில்லாமல் அவள் பேட்டரியிடம் பேசினாள்.

"ஏ பேட்டரி, உன்ன வாங்குனாரே, அவருகிட்ட கேளு. ஊர்ல இத்தன கட இருக்கறப்ப அந்தக் கடைக்கு ஏன் போனாராம்?"

"நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு அத்தே. சதாசிவம்னு. தமிழ்ல பேசலாம். சீன தவுக்கேகிட்ட நமக்காகச் சொல்லுவாரு."

"அவரு சொல்லித்தான் இந்த லட்சணமான்னு கேளு."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அதற்குள் பேட்டரியிலிருந்து கசிந்த ஆசிட் சாக்கைத் தின்று சீனியின் சிலுவார் கால்சட்டைத் துணியையும் தின்ன ஆரம்பித்திருந்தது. தொடை எரிந்தும் அவன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு இப்படியும் ஒரு பொறுமையா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

கடை முழுவதும் எண்ணெய் வாடை. சுவரோரம் கறுப்புப் பேட்டரிகள் வரிசையாக மின்னின. உள்ளே மேசைக்குப் பின்னால் பனியனோடு கடை முதலாளி தவுக்கே லியோங் போனில் கத்திக்கொண்டிருந்தார். முன்னால் சதாசிவம். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, சட்டைப் பையில் பேனா, வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்கக்கா, உக்காருங்க. அண்ணே, நேத்தே சொன்னேனே உங்களுக்கு?"

"அவருக்குச் சொன்னீங்க. எனக்கு யாரு சொன்னா?" என்றாள் வீரம்மா. "இந்தப் பேட்டரிக்கு ஜாமீன் நின்னது நீங்களா, உள்ள உக்காந்திருக்காரே அவரா?"

"அய்யோ அக்கா, அது வேற ஜாமீன்..."

"ஜாமீன்ல என்னா ரெண்டு ஜாமீன்? எம் புருசன் ஒரு மனுசனுக்கு நின்னாரு. ரெண்டு காலு இருந்துச்சு அவனுக்கு, ஓடிப் போயிட்டான். செல்லாதுன்னு சொல்லாம எம் புருசன் கட்டுனாரு. கட்டி முடியாம ஜெயில்ல உக்காந்தாரு. உங்க பேட்டரிக்கு காலுகூட இல்ல. இந்தா, பூஞ்ச புடிச்ச கெழவன் மாதிரி இங்கயே உக்காந்திருக்கு. ஓடாத ஒண்ணுக்கு நின்னுட்டு, அதுக்கும் கட்டமாட்டேங்கிறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

டயர் வாங்க வந்திருந்த ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தவுக்கே போனைக் கையால் பொத்திக்கொண்டு என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். சதாசிவம் அவசரமாகக் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றான். பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நீங்க நம்ம ஆளு, அதுனால சொல்றேன். சீனன் கல்லு மாதிரி, எறங்கமாட்டான். சனிக்கெழம பேட்டரி கம்பெனி ஆளு கோலாலம்பூர்லேர்ந்து வருவாரு. அவரு பாத்துச் சொன்னா காசு உண்டு. ஆனா அவரு கையில பேட்டரிய குடுக்கணும்னா, பச்சத்தண்ணி ஊத்தலேன்னு ஒருத்தரு ஜாமீன் நிக்கணும். அண்ணன் நிக்க முடியாது, பேட்டரிக்கு அவருதான் சொந்தக்காரரு. வேற ஆளு நிக்கணும். நீங்க வேணா நில்லுங்க."

அவன் ஒரு தாளை எடுத்து என்னவோ எழுதினான். மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"கம்பெனி பாத்து, தண்ணி ஊத்துனது நெசம்னு சொல்லிட்டா, அப்பறம் உங்க மேலதான் கேசு வரும். யோசிச்சுக்குங்கக்கா. அண்ணன் என்னா பண்ணாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு பேட்டரிக்காகத் தன்னையே கொண்டுவந்து இந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று வீரம்மா கனவிலும் நினைக்கவில்லை. மைப்பெட்டி ஊதா நிறத்தில் ஈரமாக இருந்தது. எழுந்து போய்விடலாம். போனால் காசு இல்லை, கார் இல்லை, ஊரார் சிரிப்பு மட்டும் மிச்சம். நின்றால், யாருக்காக நிற்கிறாள்? தொடைத் துணியில் ஓட்டை விழுந்தும் வாய் திறக்காத ஒருத்தனுக்காக. சின்னையாவும் அமைதியானவன்தான்.

சதாசிவம் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தான். "வேணாம்னா விடுங்கக்கா. வீட்டுக்குப் போங்க."

அவள் சீனியின் பக்கம் திரும்பினாள். கதவுமில்லை, மகளுமில்லை. மூஞ்சிக்கு நேராக மூஞ்சியைப் பார்த்தாள்.

"மாப்ள. ஊத்துனிங்களா?"

கேள்வியைவிட அவள் தன்னிடம் கேட்டதுதான் சீனியைத் தூக்கிப் போட்டது. அவன் கண் கலங்கியது. பொய் சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"இல்ல அத்தே. மூடியக்கூட நான் தொறக்கல. எனக்குத் தொறக்கத் தெரியாது."

கார் ஓட்டிப் பிழைக்கிறவன், டயர் வாங்க வந்தவர்கள் முன்னால், பேட்டரி மூடி திறக்கத் தெரியாது என்று சொல்கிறான். இதைவிட மானக்கேடு உண்டா? பொய் சொல்கிறவன் தன்னைப் பெரியவனாக்கித்தான் சொல்லுவான். இவன் சின்னவனாகிச் சொன்னான்.

வீரம்மா கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினாள்.

சதாசிவத்தின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "பேட்டரி இங்கயே இருக்கட்டும்" என்றான்.

"இருக்காது. நாங்க தூக்கிட்டுப் போறோம். சனிக்கெழம தூக்கிட்டு வாரோம்."

அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அவள் தூங்கிய தூக்கம் தூக்கமா? எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றால் கட்டைவிரல் எரிகிற மாதிரி இருந்தது. வாசலில் யாராவது கூப்பிட்டால் எழுந்து நின்றாள். பாவி சீனன், பாவி சீனன் என்று லியோங்கைத் திட்டித் தீர்த்தாள். சதாசிவத்துக்குக்கூடக் கொஞ்சம் இரக்கப்பட்டாள். "அவன் என்னா செய்வான், கைகட்டிச் சம்பளம் வாங்குறவன்" என்று நவமணியிடம் சொன்னாள்.

சனிக்கிழமை கம்பெனி ஆள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட மலாய்க்காரர். லியோங் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்திருந்தார். சதாசிவம் கணக்குப் பார்ப்பதுபோல் தூரத்தில் நின்றான்.

பேட்டரியைச் சாக்கிலிருந்து எடுத்து வைத்ததும் அவர் மூக்கைச் சுளித்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது, கம்பெனி முத்திரை தெரியவில்லை, கொஞ்சம் மண்ணெண்ணெய் கொடுங்கள் என்றார் மலாயில். கந்தலை நனைத்துப் பக்கவாட்டில் துடைத்தார்.

கந்தல் கறுப்பானது.

அவர் கந்தலைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், மறுபடி துடைத்தார். அழுக்கு இல்லை அது. சாயம். பேட்டரியின் உடம்பிலிருந்து கறுப்புச் சாயம் மை மாதிரி வழிந்தது. அதற்கு அடியிலிருந்து வெள்ளையாக என்னவோ கிளம்பியது. ஒரு வளைவு, ஒரு கோடு. சீனி குனிந்து எழுத்துக் கூட்டினான்.

"ரோ... சாக். ரோசாக்."

வீரம்மா மலாய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, ஆனால் ரோசாக் என்றால் கெட்டுப்போனது என்று ஈப்போவில் கோழிக்கும் தெரியும். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். புதுசு என்று வாங்கி வந்து குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் காரில் மாட்டியது, இவர்களுக்கு முன்னாலேயே செத்துப்போன ஒன்று. பிணத்துக்குக் கொஞ்சம் கரண்டு ஏற்றி, சாயம் பூசி விற்றிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டா ஒரு கல்யாணப் பெண்ணைத் தண்டவாளத்தில் ஏற்றினோம்?

அவள் வாயைத் திறந்தாள். லியோங்கைக் கிழித்துத் தொங்கவிட வேண்டிய வார்த்தையெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனால் லியோங்கின் மூஞ்சியைப் பார்த்ததும் ஒன்றும் வெளியே வரவில்லை. அந்த ஆள் மூஞ்சி சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் கிட்டே வந்து அந்த வெள்ளை எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது என் எழுத்து" என்றார் மலாயில். கெட்டுப்போய்த் திரும்பி வருகிற பேட்டரிகளில் அவரே பிரஷ் பிடித்து ரோசாக் என்று எழுதிப் பின்கட்டில் போடுவார். பழைய ஈயக்காரன் வந்து எடைபோட்டு எடுத்துப் போவான். இது எப்படி முன்பக்கம் வந்தது?

கம்பெனி ஆள் கந்தலை அவரிடம் நீட்டினார். லியோங் சுவரோரம் வரிசையில் மின்னிய பேட்டரி ஒன்றைத் துடைத்தார். ஒன்றும் வரவில்லை. அடுத்ததைத் துடைத்தார். வெள்ளை எழுத்து வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. அதற்கப்புறம் அவர் துடைக்கவில்லை. கந்தல் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"சிவம்!" என்று கூப்பிட்டார்.

"சிவம்!" என்று மறுபடி கத்தினார். சீனி பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தான். பின்கதவு திறந்து கிடந்தது. சந்தில் நின்ற சைக்கிளைக் காணவில்லை.

நம்ம ஆளு. அக்கா என்று கூப்பிட்டவன். சீனன் கல்லு என்று காதோடு சொன்னவன்.

"தவுக்கே" என்று தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் கேட்டாள், "நான் கைநாட்டு வச்ச பேப்பரு எங்க?"

"எந்தப் பேப்பர்?"

ஜாமீன் பேப்பர் என்று சீனி விளக்கினான். லியோங் கம்பெனி ஆளைப் பார்த்தார். கம்பெனி ஆள் தலையை ஆட்டினார். நாங்கள் அப்படி ஒன்றும் கேட்பதே இல்லையே, எதற்கு அது என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படி ஒரு பேப்பரே கிடையாது. புருசன் ஜாமீன் நின்று சீரழிந்த கதையை அவள்தான் கடை நடுவில் நின்று கத்தினாள். அவன் அதைப் பொறுக்கி எடுத்து, இவள் எதற்குப் பயப்படுவாள் என்று தெரிந்துகொண்டு, அதையே திருப்பி அவள் மேல் வீசியிருக்கிறான். பயந்து ஓடிவிடுவாள் என்று. பஸ்ஸில் இடித்துத் தள்ளியவனைத் திட்டலாம், காசு பிடுங்கியவனைத் திட்டலாம். இப்படிச் செய்தவனைத் திட்ட அவளுக்கே வார்த்தை கிடைக்கவில்லை.

லியோங் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்காமல் தானாகப் பேசிக்கொண்டார். அந்தப் பையன் தோட்டம் மூடி வேலையில்லாமல் வந்தான், கடைச் சாவியே கொடுத்தேன், கம்பெனி கேட்டபோதுகூட நல்லவன் என்று நான்தான் சொன்னேன்.

"சாயா ஜாமின் தியா" என்றார். அவனுக்கு நான் ஜாமீன்.

அந்தச் சொல்லை வீரம்மாவுக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பேசிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பின்வாசலைப் பார்த்தார். இவ்வளவு நாளும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிய ஆள் இந்த ஆள்தானா என்று அவள் வெட்கப்பட்டாள்.

லியோங் எழுந்து மேசை டிராயரைத் திறந்து, பேட்டரிக்குக் கொடுத்த காசை அப்படியே எடுத்து நீட்டினார்.

வீரம்மா வாங்கிக்கொண்டாள். பாவம் என்று விட்டுவிட்டு வர அவள் ஒன்றும் கோடீஸ்வரி இல்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"தவுக்கே, அவன் வூடு தெரியுமா?"

தெரியும் என்றார்.

"அப்ப ஏன் குந்தியிருக்கீங்க? இப்பவே போங்க. தானா வருவான், தானா வருவான்னு எம் புருசன் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. வரமாட்டான். போலீச கூட்டிட்டு இப்பவே போங்க."

அவளுடைய உடைசல் மலாய் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, 'போ' என்று அவள் கையை வீசியது புரிந்தது. கம்பெனி ஆள் கார்ச் சாவியை எடுத்தார். லியோங் பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே ஓடினார்.

வேறு தெருவில் வேறு கடையில் பேட்டரி வாங்கினார்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் வீரம்மா மண்ணெண்ணெய்க் கந்தல் கேட்டாள். கடைக்காரன் எதற்கு என்றான். அவள் சொல்லவில்லை. நாலு பக்கமும் தேய்த்துப் பார்த்து, கந்தல் வெள்ளையாகவே இருந்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள். பைத்தியக்காரி என்று அவன் சீன பாஷையில் முணுமுணுத்தான். முணுமுணுத்துக்கொள்ளட்டும்.

பஸ் ஸ்டாண்டில் பேட்டரியை இடையில் வைத்து இரண்டு பேரும் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"அத்தே" என்றான் சீனி. "ஒருவேள நான் நெசமாவே தண்ணி ஊத்தியிருந்தா? உங்கள உள்ள வச்சிருப்பாங்கன்னுதானே நெனச்சிங்க? அப்பறம் எப்படி வெரல வச்சிங்க?"

வீரம்மா பேட்டரியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"மாப்ள, ஊத்துனிங்களா?"

"இல்ல அத்தே."

"அப்பறம் என்னா வெட்டிப் பேச்சு? பஸ்ஸு வருது, தூக்குங்க. சிலுவார்ல ஓட்டை தெரியுது, முன்னால புடிச்சுக்கிட்டு ஏறுங்க."